வாட்சின் பின்மூடியைத் திறக்கும் முன்...

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வந்திருந்த சகோதரிகள் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

கல்வி உதவி, மருத்துவ உதவி, ஜகாத் பங்கீடு என்று பேசுகிற மேடையில் இன்று கைக்கடிகாரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். தலைப்பைப் பார்த்துவிட்டு, "செயலாளர் வாட்ச் கடை போடப் போகிறாரா?" என்று வாசலிலேயே ஒரு பெரியவர் கேட்டுவிட்டார். கடை போடவில்லை. ஆனால் நம் வீட்டு பீரோக்களில் இருக்கிற ஒரு பொருளை நம் கையாலேயே கெடுத்துக்கொள்கிறோம். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நம் ஊர் சபுராளிகளின் ஊர். சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், சவூதி, துபாய் என்று போய் உழைத்தவர்கள் திரும்பும்போது கையில் ஒரு வாட்ச் கட்டி வந்தார்கள். அன்றைக்கு உள்ளூரில் கிடைத்தது பெங்களூரில் 1961 முதல் தயாரான எச்.எம்.டி. வெளிநாட்டு வாட்ச் சுலபமாகக் கிடைக்காத காலம். ஆகவே சீக்கோ, சிட்டிசன் கட்டினால் மதிப்பு. ராடோ கட்டினால் ஊரே பார்க்கும். ஓமேகா, ரோலக்ஸ் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கட்டி வந்தவர்களில் பலர் இன்று வயோதிகர்கள். பலர் வபாத்தாகிவிட்டார்கள். வாட்சுகள் அடுத்த தலைமுறையின் கைக்கு வந்திருக்கின்றன.

நம்மிடம் உதவி கேட்டு வரும் குடும்பங்களில் சிலர், "பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும், இந்த வாட்சை விற்றால் என்ன கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். பிறர் கையை எதிர்பாராமல் தம்மிடம் இருப்பதை விற்றுச் சமாளிக்க நினைப்பது எவ்வளவு நல்ல எண்ணம்! ஆனால் வாட்சைத் திருப்பிப் பார்த்தால் பின்மூடியின் ஓரத்தில் கத்திக் கீறல் இருக்கிறது.

ஒரு சகோதரி வந்திருந்தார். கணவர் வபாத்தாகி, இத்தாவும் முடிந்திருந்தது. விலை உயர்ந்த சுவிட்சர்லாந்து வாட்ச் ஒன்று இருந்தது. ஓடவில்லை. பத்தாம் வகுப்பு படிக்கிற மகன் போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, கத்தரிக்கோல் முனையை வைத்துத் திறக்கப் பார்த்திருக்கிறான். மூடி திறக்கவில்லை. மூன்று ஆழமான கீறல்கள்தான் மிச்சம். வாங்க வந்தவர் அந்தக் கீறல்களைக் காட்டியே விலையைக் குறைத்தார். "இவ்வளவு சின்னக் கோட்டுக்கா இவ்வளவு?" என்று அந்தத் தாய் கேட்டார். மகன் தலைகுனிந்து நின்றான். அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வாப்பாவின் வாட்சை ஓடவைக்க வேண்டும் என்றுதான் நினைத்தான். அவனுக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. அதை இன்று சொல்லிவிடுவோம் என்றுதான் வந்திருக்கிறேன்.

என் தாய்மாமா வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கல்லூரி விடுமுறைகளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் செய்தும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

இது யாருடைய வாட்ச்?

கருவியைக் கையில் எடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

வபாத்தானவரின் வாட்ச் அவர் விட்டுச்சென்ற சொத்து. வீடும் நகையும் எப்படியோ அப்படித்தான் இதுவும். அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் இருந்தால் அது, இவையெல்லாம் போக மிஞ்சுவதில் ஒவ்வொரு வாரிசுக்கும் பங்கு இருக்கிறது. "வாப்பா வாட்ச் மூத்த மகனுக்கு" என்பது ஊர் வழக்கமாக இருக்கலாம். மார்க்கத்தில் அப்படி ஒரு சட்டம் இல்லை. எல்லோரும் மனப்பூர்வமாகச் சம்மதித்து ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் அது வேறு. ஆனால் பருவமடையாத பிள்ளை வாரிசாக இருந்தால், அந்தப் பிள்ளையின் பங்கை விட்டுக்கொடுக்க மற்றவர்களுக்கு அதிகாரமில்லை.

ஒரு கணக்கு சொல்கிறேன். கணவர் விட்டுச்சென்ற வாட்ச் 2,00,000 ரூபாய் பெறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரிசுகள் மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, 25,000. மீதி 1,75,000-ல் மகனுக்கு 87,500, மகள்கள் ஒவ்வொருவருக்கும் 43,750. இப்போது மகன் கத்தியால் நெம்பியதில் வாட்சின் விலை 40,000 ரூபாய் குறைந்துவிட்டது. ஒவ்வொரு தங்கையும் 8,750 ரூபாய் இழந்தாள். தாய்க்கு 5,000 நஷ்டம். அவன் கீறியது தன் வாட்சை மட்டுமல்ல, யத்தீம்களான தங்கைகளின் பங்கையும் சேர்த்துத்தான்.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி அன்னிஸா அத்தியாயத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். யத்தீம்களின் சொத்தைப் பற்றி அதே அத்தியாயத்தில் வருகிற எச்சரிக்கை நாம் அறிந்ததுதான். ஆகவே பங்கு பிரிக்காத வாட்சை யாரும் தனியாகத் திறக்க வேண்டாம். எல்லோரிடமும் சொல்லி, சம்மதம் வாங்கி, தொழில் தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

எதற்காகத் திறக்கிறோம்?

இரண்டாவது கேள்வி இது. யோசித்துப் பார்த்தால் பெரும்பாலான காரணங்களுக்கு மூடியைத் திறக்கவே தேவையில்லை.

"ஓடவில்லை" என்பார்கள். முதலில் அது செல் போட்ட வாட்சா, ஸ்பிரிங்கில் ஓடும் ஆட்டோமேட்டிக்கா என்று பாருங்கள். விநாடி முள் ஒவ்வொரு விநாடிக்கும் நின்று நின்று தாவினால் பெரும்பாலும் செல் வாட்ச். வழுக்கிக்கொண்டே போனால் பெரும்பாலும் ஸ்பிரிங் வாட்ச். ஓடாமல் நிற்கிற வாட்சை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஒரு எடை சுழல்வது கையில் தெரிந்தால் அது ஆட்டோமேட்டிக். பீரோவில் கிடந்தால் அது நின்றுதான் போகும். சாவியை நிதானமாக 20, 30 சுற்றுக் கொடுத்தால் பல வாட்சுகள் ஓட ஆரம்பித்துவிடும். ரோலக்ஸ் போன்றவற்றில் சாவித் திருகே உடலோடு திருகி மூடப்பட்டிருக்கும். அதை முதலில் இடப்பக்கம் திருகி விடுவித்துக்கொள்ள வேண்டும். பழைய சீக்கோ 5 மாடல்கள் பலவற்றில் கையால் சாவி கொடுக்கவே முடியாது, ஆட்டித்தான் ஓடவைக்க வேண்டும். அப்படியும் ஓடாவிட்டால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும். மூடியைத் திறந்து பார்ப்பதால் எண்ணெய் வந்துவிடாது. முழுவதும் பிரித்துக் கழுவி எண்ணெய் போட வேண்டும். அது கடை வேலை.

"வேகமாக ஓடுகிறது" என்பார்கள். போன், ஸ்பீக்கர், காந்தம் வைத்த உறை இவற்றின் பக்கத்தில் வைத்ததால் காந்தம் ஏறியிருக்கலாம். கடையில் மூடியைத் திறக்காமலேயே சில நிமிடங்களில் அதை எடுத்துவிடுவார்கள்.

"அசலா போலியா பார்க்க வேண்டும்" என்பார்கள். போலி செய்கிறவன் உள்ளே மெஷினிலும் பெயரைப் பொறித்துத்தான் வைப்பான். நமக்கு அடையாளம் தெரியாது. திறக்காமலேயே பார்க்கக்கூடியவை இருக்கின்றன. பழைய ரோலக்ஸில் செயினைக் கழற்றினால், செயின் மாட்டும் இரு காதுகளுக்கு நடுவில் வரிசை எண் இருக்கும். புதியவற்றில் கண்ணாடிக்குள்ளே டயலைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு விவரம் தெரிந்தவரிடம் கேட்கலாம்.

"தண்ணீர் புகுந்துவிட்டது, கண்ணாடிக்குள் ஆவி தெரிகிறது" என்பார்கள். இதற்குத் திறக்கத்தான் வேண்டும், ஆனால் அன்றைக்கே கடையில் திறக்க வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பது, வெயிலில் காயவைப்பது எதுவும் வேண்டாம். கடல் தண்ணீர் என்றால் இன்னும் அவசரம், துரு மிக வேகமாகப் பிடிக்கும்.

ஆகவே வீட்டில் திறப்பதற்கு நியாயமான காரணம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சுகிறது. உங்களுக்கே சொந்தமான, செல்லில் ஓடும் வாட்சில் செல் மாற்றுவது. அதிலும் உத்தரவாதக் காலம் முடியாத வாட்ச் என்றால் கை வைக்காதீர்கள். ரோலக்ஸ் 2015 முதல் 5 ஆண்டு உத்தரவாதம் தருகிறது. வெளியில் யாராவது திறந்தால் அந்த உத்தரவாதம் போய்விடும்.

மூடி எந்த வகை?

மூடி எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் கை வைப்பதால்தான் பாதிக் கீறல்கள் விழுகின்றன. வாட்சைத் திருப்பி, நல்ல வெளிச்சத்தில் ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள்.

ஒன்று, அழுத்தி மூடும் மூடி. ஓரம் வழுவழுப்பாக இருக்கும், ஒரே ஓர் இடத்தில் நகம் நுழைகிற அளவு சிறு உதடு அல்லது பள்ளம் தெரியும். அந்த இடத்தில்தான் நெம்ப வேண்டும், வேறு எங்கும் அல்ல.

இரண்டு, சிறு திருகுகள் வைத்த மூடி. நான்கு மூலையிலோ சுற்றியோ குட்டித் திருகுகள் இருக்கும். கார்ட்டியே டேங்க் போன்ற சதுர, நீள்சதுர வாட்சுகளில் இதைப் பார்க்கலாம்.

மூன்று, முழுவதும் திருகும் மூடி. ஓரத்தில் வரிசையாகச் சதுரப் பள்ளங்கள் இருக்கும். டப்பா மூடியைப் போல மூடியே சுழன்று வரும்.

நான்கு, ஓரம் முழுக்க நெருக்கமான வரிப்பற்கள் உள்ள திருகு மூடி. ரோலக்ஸ் 1926-ல் கொண்டுவந்த ஆய்ஸ்டர் உடலின் அடையாளமே இப்படித் திருகி மூடுவதுதான். அந்தப் பற்களில் பொருந்துகிற தனிச் சாவி வேண்டும். அளவு சற்றுத் தப்பினாலும் வழுக்கி, பற்களை மழித்துவிடும்.

ஐந்து, திறக்கவே திறக்காத பின்பக்கம். 1960-களின் ஓமேகா சீமாஸ்டர் மாடல்கள் சிலவற்றில் உடலும் பின்பக்கமும் ஒரே வார்ப்பு. கண்ணாடியை எடுத்து முன்பக்கமாகத்தான் மெஷினை வெளியே எடுக்க முடியும். இதைத் தெரியாமல் பின்னால் நெம்பி நெம்பிக் கெடுத்த வாட்சுகளை மாமாவின் கடையிலேயே பார்த்திருக்கிறேன்.

இவற்றில் நான்காவதையும் ஐந்தாவதையும் வீட்டில் தொடவே வேண்டாம். எந்த வகை என்று புரியவில்லை என்றாலும் தொட வேண்டாம். தங்க உடல் உள்ளதையும் தொட வேண்டாம். தங்கம் மென்மையானது, சிறு அழுத்தத்துக்கே பள்ளம் விழும். ஆண்கள் தங்க வாட்ச் கட்டுவது ஆகாது என்பதையும், அதிலுள்ள தங்கத்தை வீட்டின் மற்றத் தங்கத்தோடு சேர்த்து ஜகாத் கணக்குப் பார்ப்பது பற்றி ஆலிம்களிடம் கேட்க வேண்டும் என்பதையும் இந்த இடத்தில் நினைவூட்டுகிறேன். ராடோவின் டயாஸ்டார் 1962-ல் வந்தபோது கீறல் விழாத வாட்ச் என்று பேர் பெற்றது. அதன் கடின உலோகத்தில் கீறல் சுலபமாக விழாதுதான். ஆனால் கீழே விழுந்தாலோ தவறான இடத்தில் நெம்பினாலோ அது சில்லுப் பெயரும், வெடிக்கும். கடினம் வேறு, உறுதி வேறு.

திறக்கும் முறை

மீதி மூன்று வகையில் உங்கள் வாட்ச் இருந்தால், பகல் வெளிச்சத்தில், அவசரமில்லாத நேரத்தில் உட்காருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். அது தூசியை நேராக மெஷினுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்றில் வெள்ளைக் காகிதம் விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். சஹன் தட்டுகூடப் போதும். உருண்டு ஓடுகிற திருகு அதிலேயே நிற்கும். பஞ்சு உதிரும் துண்டு வேண்டாம்.

முதலில் போனில் படம் எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், பின்னால் எழுதியிருப்பது, மூடி எந்தத் திசையில் இருக்கிறது என்பது எல்லாம் தெரிய வேண்டும். பிறகு காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் மூடி ஓரத்தில் சேர்ந்திருக்கும் அழுக்கைத் துடைத்து எடுங்கள். இல்லையென்றால் திறந்த மறுநிமிடம் அது உள்ளே விழும். நெம்புகிற இடத்தைத் தவிர மற்ற ஓரத்தில் ஒட்டு டேப் சுற்றிவிடுங்கள். கருவி வழுக்கினாலும் கீறல் டேப்பில் விழும்.

கருவி சரியானதாக இருக்க வேண்டும். சமையல் கத்தி, கத்தரிக்கோல், பிளேடு, நகவெட்டி, பாக்குவெட்டி எதுவும் வேண்டாம். அழுத்து மூடிக்கு என்றே குட்டையான, முனை மழுங்கிய கத்தி விற்கிறது. அதை உதட்டுப் பள்ளத்தில் வைத்து நெம்பாமல் லேசாகத் திருப்புங்கள். வாட்சைப் பிடித்திருக்கும் கை கத்தியின் எதிரில் இருக்கக் கூடாது. திருகுகளுக்குத் திருகின் வெட்டை முழுவதும் நிரப்புகிற அகலத்தில் திருப்புளி வேண்டும். சிறியதை வைத்துத் திருப்பினால் திருகின் தலை சிதையும். பள்ளங்கள் உள்ள திருகு மூடிக்கு முதலில் அதற்கென்று விற்கிற ரப்பர் பந்தை அழுத்தி, கடிகார முள் போகிற திசைக்கு எதிராகத் திருகிப் பாருங்கள். இறுக்கம் குறைவாக இருந்தால் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்துவிடும். வராவிட்டால் மூன்று முனைச் சாவி வேண்டும், வாட்சை அசையாமல் பிடிக்கும் தாங்கியும் வேண்டும்.

இதில் ஒரே ஒரு சட்டம். கருவி ஒரு முறை வழுக்கினால், அல்லது மணிக்கட்டின் சாதாரண பலத்துக்கு மூடி அசையாவிட்டால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். "இன்னும் கொஞ்சம்" என்று முக்குகிற அந்த விநாடியில்தான் வாட்ச் கெடுகிறது, சில நேரம் கையும் கிழிகிறது.

உள்ளே தெரிவது

மூடி திறந்ததும் வாயால் ஊதாதீர்கள். எச்சில் துளி பட்ட இடம் பிறகு துருவாகும். விரலால் எதையும் தொடாதீர்கள். செல்லுக்குப் பக்கத்தில் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பிச் சுருள் இருக்கும். திருப்புளி முனை அதில் ஒரு முறை உரசினால் வாட்ச் நின்றதுதான். செல்லைப் பிளாஸ்டிக் முனையுள்ள சாமணத்தால் எடுங்கள். உலோகச் சாமணம் செல்லின் இரு துருவங்களையும் ஒன்றாகத் தொட்டால் அதன் சக்தி வீணாகிவிடும்.

செல்லின்மேல் உள்ள எண்ணை எழுதிக்கொண்டு அதே எண்ணில் வாங்குங்கள். பெரும்பாலும் 377, 364, 371, 395 என்று ஏதாவது இருக்கும். 377 என்பதும் எஸ்.ஆர். 626 எஸ்.டபிள்யூ என்பதும் ஒன்றுதான். எல்.ஆர். என்று தொடங்கும் மலிவான செல்லும் அதே அளவில் உள்ளே உட்காரும். ஆனால் அது சீக்கிரம் ஒழுகி மெஷினை அரிக்கும். ஏற்கனவே வெள்ளைப் பொடி பூத்திருந்தால் செல் ஒழுகியிருக்கிறது என்று பொருள். உடனே மூடிக் கடைக்குக் கொண்டுபோங்கள். மூடியின் உள்பக்கத்தில் ஊசியால் கீறியது போல எழுத்தும் எண்ணும் இருந்தால் அழிக்காதீர்கள். முன்பு பழுது பார்த்தவர்கள் இட்ட குறிப்பு அது.

மூடும்போது

பலர் தவறுவது இங்கேதான். மூடியின் பள்ளத்தில் ஒரு மெல்லிய ரப்பர் வளையம் இருக்கும். அது முறுக்கில்லாமல் முழுவதும் உட்கார வேண்டும். காய்ந்து வெடித்திருந்தால் புதிது போட வேண்டும். அழுத்து மூடியில், சாவித் தண்டுக்கு இடம் விட்டு ஒரு சிறு வெட்டு இருந்தால் அது சாவியின் பக்கம் வர வேண்டும். மாற்றி வைத்து அழுத்தினால் தண்டு வளையும். இரண்டு கட்டைவிரலால் சமமாக அழுத்துங்கள். மூடவில்லையென்றால் இடுக்கியாலோ சுத்தியாலோ முயல வேண்டாம், மறுபக்கத்தில் கண்ணாடி உடையும். கடையில் அதற்கென்று அச்சு இருக்கிறது. திருகு மூடி என்றால் முதலில் எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். புரி பொருந்தும்போது சிறு 'டக்' தெரியும், பிறகு சரியான திசையில் திருகுங்கள். நான்கு திருகு மூடியை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்க வேண்டும்.

ஒருமுறை திறந்த வாட்சை, கடையில் அழுத்தச் சோதனை செய்யும்வரை தண்ணீர் புகாத வாட்ச் என்று நம்பாதீர்கள். நாம் நாளுக்கு ஐந்து வேளை ஒளு செய்கிறவர்கள். 30 மீட்டர் என்று எழுதியிருந்தால் 30 மீட்டர் ஆழத்தில் நீந்தலாம் என்று பொருளல்ல, தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்றுதான் பொருள். ஒளுவுக்கு முன் வாட்சைக் கழற்றுவது வாட்சுக்கும் நல்லது, இறுக்கமான செயினுக்கு அடியில் தோல் நனைவதற்கும் நல்லது. கழற்றியதைச் சட்டைப் பையில் போடுங்கள், ஹவுள் திண்டில் வைத்துவிட்டுத் தொழப் போகாதீர்கள்.

பிள்ளைகள் இருக்கும் வீடு

சகோதரிகள் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். பழைய செல்லை மேசையில் விட்டுவைக்காதீர்கள். சிறு குழந்தை அதை வாயில் போட்டு விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாக அரித்துப் புண்ணாக்கிவிடக்கூடும். உயிருக்கே ஆபத்து. விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். அழுகையோ வலியோ வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. இருட்டில் ஒளிர்கிற எதையும் நாம் 'ரேடியம்' என்று சொல்லிவிடுவோம். இன்றைய ஸ்டிக்கர்களிலும் புதிய வாட்சுகளிலும் ரேடியம் இல்லை. ஆனால் 1960-கள் வரை வந்த பழைய வாட்சுகளில் முள்ளிலும் எண்ணிலும் உண்மையான ரேடியமே பூசப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் நியூஜெர்சியில் அந்தப் பூச்சு வேலை செய்த இளம்பெண்கள் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கியதால் தாடை அரித்து இறந்தார்கள். ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். வாட்ச் இன்று ஒளிராமல் இருக்கலாம், ஒளிரும் பூச்சுதான் தேய்ந்தது, ரேடியம் அப்படியே இருக்கிறது. மூடியபடி இருக்கும்வரை அந்தத் தூள் வெளியே வராது. திறந்தால் மூச்சில் போகலாம், விரலில் ஒட்டி வாய்க்கும் போகலாம். ஆகவே உங்கள் பாட்டனார் காலத்து வாட்சில் முள் பழுப்பேறிப் பூச்சு உதிர்வது போல் தெரிந்தால், அதை வீட்டில் திறக்கவே கூடாது. பிள்ளைகள் விளையாடவும் கொடுக்கக் கூடாது.

விற்கும்போது

தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே இருந்த ஈரத்தைக் கண்டு அந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சி நமக்குத் தெரியும். வாட்சும் மேலே பளபளப்பு, உள்ளே என்ன என்று தெரியாத பொருள். வீட்டில் திறந்திருந்தால், பழுது இருந்தால், வேறு பாகம் போட்டிருந்தால், போலியோ என்ற சந்தேகம் இருந்தால் வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டு விற்போம். விலை கொஞ்சம் குறையலாம். வருகிற பணம் ஹலாலாக இருக்கும். விற்கும் முன் பாலிஷ் போட்டுப் புதிதாக்கவும் வேண்டாம். பழைய நல்ல வாட்சுகளை வாங்குகிறவர்கள் உடல் தேய்க்கப்படாமல் இருப்பதையே விரும்புகிறார்கள். பில், பெட்டி, உத்தரவாத அட்டை இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், அவையும் விலைக்குப் பலம் சேர்க்கும். ஒரே இடத்தில் விலை கேட்டு முடித்துவிடாமல் இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் நல்ல வாட்ச் இருந்தால் அதன் பெயர், வரிசை எண், வாங்கிய விலை, பில் இருக்கும் இடம் ஆகியவற்றை எழுதி வீட்டில் கொடுத்து வையுங்கள். உங்களுக்குப் பின் உங்கள் மனைவி அதன் மதிப்புத் தெரியாமல் ஏமாறக் கூடாது. பிள்ளைகள் அதைச் சாதாரணப் பொருள் என்று நினைத்துக் கத்தரிக்கோலை எடுக்கவும் கூடாது.

கடைத்தெருவில் சின்ன மேசை போட்டு, கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். 1206-ல் யானைக் கடிகாரத்தின் செய்முறையை எழுதி வைத்த அல்ஜஸரி கை வைத்த தொழில் இது. செல் மாற்ற அவர்கள் கேட்கிற கூலி, நாம் கருவி வாங்குகிற காசைவிடப் பெரும்பாலும் குறைவு. முடிந்தவரை அவர்களிடமே கொடுங்கள். கண்ணெதிரில் திறந்து மூடச் சொல்லுங்கள், கூலியில் பேரம் பேசாதீர்கள். மிக விலை உயர்ந்தது என்றால் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

வாட்சோடு நம்மிடம் வருகிற குடும்பங்கள் தயங்காமல் அலுவலகத்துக்கு வாருங்கள். வாரிசுப் பங்கைக் கணக்கிட ஆலிம்களிடம் அழைத்துப் போகவும், விலை கேட்கும்போது கூட வரவும் நம் நிர்வாகிகள் இருக்கிறார்கள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். திறந்து பார்த்த பிறகு வராதீர்கள், திறக்கும் முன் வாருங்கள்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைப் பழுதில்லாமல் உரியவர் கையில் சேர்க்கிற நல்லடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.